பரண் கேட்ட பதினேழு கேள்விகள்

குருவென்றால் நரைத்த தாடியும் சிஷ்யனென்றால் அரும்பு மீசையும் இருந்தாக வேண்டும் என்று யாரோ நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தக் கதையில் சிஷ்யருக்கு அறுபத்தொரு வயது. பெயர் இன்னாசிமுத்து. திருச்சியில் தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவர். குருவுக்கு நாற்பத்து நாலு. பெயர் ஜுலைகா. பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் கணினிப் பாடம் எடுக்கிறார். அவருக்கு ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே இன்னாசிமுத்துதான்.

பிறகு எப்படி இடம் மாறிப்போனது என்று கேட்பீர்கள்.

இருபது வருடத்துக்கு முன்னால் இன்னாசிமுத்துவின் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கட்டற்ற மென்பொருள் கூட்டம் நடக்கும். கட்டற்ற மென்பொருளை யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆறு பேருக்கு ஒரே கணினி. ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஜுலைகா மட்டும் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதோடு சிக்கல் அவிழ்ந்துவிடும். இரண்டு வருடம் இதைப் பார்த்த இன்னாசிமுத்து, அவரை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஜுலைகா மட்டும் இன்றுவரை ‘அண்ணே’யை விடவில்லை.

அந்தக் கூட்டம் கலைந்து வெகுநாளாகிறது. ஆனால் அங்கே முளைத்து, ஆளுக்குக் கொஞ்சமாக எழுதியும் வைத்திருந்த ஒரு யோசனையை இன்னாசிமுத்து விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருடம் உட்கார்ந்து அதை மென்பொருளாக்கினார். பெயர் ‘பரண்’. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினியில் அதைப் போட்டு, நாலு ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவிட்டால், குடும்பத்தின் படம், பாட்டு, நிலப்பத்திரம் வரை எல்லாம் வீட்டிலேயே இருக்கும். வெளியார் தயவு வேண்டாம்.

இரண்டாம் பதிப்பை வெளியிட இருந்த நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. அதைத் தாளில் அச்சடித்து மடித்து எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜுலைகாவின் பாலிடெக்னிக்குக் கிளம்பினார். மாணவிகள் போய்விட்டிருந்தார்கள். ஜுலைகா லேபில் தனியாக இருந்தார்.

“படிச்சுப் பாருங்க டீச்சர்.”

ஜுலைகா படித்தார். ‘ஐயா, பரணில் எனக்கென்று ஓர் இடம் உண்டாக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். பதினேழு கேள்விகள் கேட்கிறது. நான்காவதிலேயே நின்றுவிட்டேன். எளிமையாக்கினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.’

“ரெண்டே ரெண்டு ஞாயித்துக்கிழமையாம்!” என்றார் இன்னாசிமுத்து. “நம்ம கம்ப்யூட்டர்ல சத்தம் வர வைக்க ஒன்பது ஞாயித்துக்கிழமை ஆச்சு. ஞாபகம் இருக்கா?”

“இருக்குண்ணே.”

“ஒன்பதாவது வாரம் ‘டொய்ங்’குன்னு ஒரு மணிச் சத்தம். சேஷாத்ரி கட்டில்ல ஏறிக் குதிச்சானே!”

“கட்டில் ஒடிஞ்சுபோச்சு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சேஷாத்ரி இப்போது கனடாவில் இருக்கிறார். குலாம் ரசூல் இறந்துபோய் நாலு வருடம் ஆகிறது. மற்ற இரண்டு பேர் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவதோடு சரி. அந்த மாடியில் குறுந்தகடு சுழலும் சத்தமும், மோடம் கிறீச்சிடும் சத்தமும், வியர்த்துப்போன ஆறு பேரின் கூச்சலும் இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை. அதைவிட சந்தோஷமாகத் தாம் இருந்ததே இல்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

“எளிமை எளிமைங்கறாங்களே, அப்படின்னா என்னதான் டீச்சர்? நீங்க சொல்லுங்க. கேட்டுக்கிட்டு அப்புறம் வெளியிடறேன்.”

ஜுலைகா எழுந்து போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

“ஒரு வாய் எடுத்துக்குங்க. முழுங்காதீங்க.”

இன்னாசிமுத்து எடுத்துக்கொண்டார்.

“இப்பப் பேசுங்க.”

அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு ‘ம்ம்’ என்றார்.

“நாளைக்கு அண்ணியைப் பரண் முன்னாடி உக்கார வைங்க. ஏதாவது ஒரு பொருளை உள்ள வைக்கச் சொல்லுங்க. அவங்க வெச்சு முடிக்கிற வரைக்கும் இதே மாதிரி உங்க வாயில தண்ணி இருக்கணும். முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது.”

பேச வேண்டியிருந்ததால் இன்னாசிமுத்து தண்ணீரை விழுங்கினார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதாண்ணே.”

ஸ்கூட்டரில் வீடு போகிற வழியெல்லாம் அவருக்குச் சிரிப்பு. பாலிடெக்னிக்கில் பெரிய பதவி வந்ததும் டீச்சருக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து வந்து காப்பி குடித்த பிறகு, தண்ணீர் டம்ளரோடு மனைவியைத் தேடிப் போனார். பிலோமினா கொல்லைப்புறப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். காதில் ஃபோன். முகத்தில் லேசான சிரிப்பு. கேட்டு முடித்ததும் ஃபோனை மடியில் வைத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன பண்ற பிலோமி?”

“எடம் இல்லேங்குது. ஒண்ணை அழிச்சாத்தான் ஒண்ணு வரும்.”

“எதை அழிச்ச?”

“அக்கா பேசினதை.”

பிலோமினாவின் அக்கா அடைக்கலமேரி லால்குடியில் இருந்தவர். மாசி மாதம் திடீரென்று போய்விட்டார். உயிரோடு இருந்தவரை, தினமும் ஃபோனில் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்து தங்கைக்கு அனுப்புவார். மஸ்கட்டில் இருக்கிற பிலோமினாவின் மகளோ தினமும் காலையில் பேரப்பிள்ளையின் படம், வீடியோ என்று அனுப்புகிறாள். ஃபோன் பழசு. மற்றதையெல்லாம் அழித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது அக்காவின் குரல் மட்டும்தான்.

“பிள்ளை மூஞ்சியப் பாக்காம இருக்க முடியுதா? அதான் தினம் ஒண்ணு. கடைசியா ஒரு தடவை கேட்டுட்டு அழிச்சிருவேன். இருநூறு இருந்துச்சு. இப்ப நூத்திப் பத்து.”

பக்கத்து அறையில் பரணில் பத்து டெராபைட் இடம் காலியாகக் கிடக்கிறது. அடைக்கலமேரி நூறு வயது வாழ்ந்து இடைவிடாமல் பேசியிருந்தாலும் அதில் ஒரு மூலை நிரம்பாது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“போன மாசம் சொன்னேனே. முக்கால் மணி நேரம் விளக்குனீங்க.”

அது அவருக்கு ஞாபகம் இருந்தது. நன்றாக விளக்கியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

“குடு ஃபோனை. ரெண்டு நிமிஷத்துல நானே உள்ள போட்டுடறேன்.”

பிலோமினா ஃபோனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“மாட்டேன். அது எங்க ரெண்டு பேர் பேச்சு.”

“நான் கேக்க மாட்டேன்.”

“உங்க பெட்டிக்குள்ள போனா, நெனைச்சப்ப கேக்கலாம்ல? அதுல நீங்களும் வர்றீங்க.”

“நானா? என்னன்னு?”

“அதனாலதான் குடுக்க மாட்டேன்.”

“புது ஃபோன் வாங்கித் தரட்டுமா?”

“அதுல மாத்தறதுக்கும் நீங்கதான உக்காரணும்?”

இன்னாசிமுத்து மனைவியை லேப்டாப் முன்னால் உட்கார வைத்தார். “நீயே வை. நான் தொடவே மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டார்.

பிலோமினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் கேள்வியில், பயனர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று பரண் கேட்டது. சர்ச்சில் தாம் சேர்ந்திருக்கும் அன்பியம் என்ற ஜெபக் குழுவின் பெயரைத் தட்டினார். இன்னாசிமுத்துவின் தொண்டை அசைந்தது. ஆனாலும் தாங்கிக்கொண்டார். இரண்டாவதும் மூன்றாவதும் எப்படியோ கடந்துபோயின.

நாலாவது கேள்வியை பிலோமினா வாய்விட்டுப் படித்தார். “எத்தனை இறந்தாலும் தாங்க வேண்டும்?”

நாலு டிஸ்க்கில் எத்தனை கெட்டுப்போனாலும் உள்ளே இருப்பது பிழைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. தொழிலில் இருப்பவர்கள் டிஸ்க் செத்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். பிலோமினாவுக்கு அது எங்கே தெரியும்? இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

“ஒண்ணே தாங்க முடியலங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

“அது டிஸ்க்கு பிலோமி!” என்று கத்தியபோதுதான், வாயில் இருந்த தண்ணீரை விழுங்கிவிட்டது இன்னாசிமுத்துவுக்குத் தெரிந்தது.

அன்று முதல் அவர் ராட்சசனைப்போல வேலை செய்தார். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதினார். விளக்கம் புரியாதவர்களுக்காக ஓர் உதாரணம் சேர்த்தார். பதினேழு கேள்விக்கும் பதில் சொல்வது எப்படி என்று தாமே பேசி ஒரு வீடியோ எடுத்தார். வீடியோ இருபத்திரண்டு நிமிடம் ஓடியது. பிலோமினா முதல் மூன்று நிமிடம் பார்த்துவிட்டு, “உங்களுக்கு உடம்பு இளைச்சுப்போச்சுங்க,” என்றார்.

இரண்டாவது தடவை உட்கார வைத்தபோது ஆறாவது கேள்விவரை தண்ணீர் வாயில் இருந்தது. மூன்றாவது தடவை ஐந்தாவதிலேயே போய்விட்டது. இதற்கிடையில் காலை தவறாமல் பிலோமினா கொல்லைப் படியில் உட்கார்ந்தார், கேட்டார், அழித்தார். இன்னாசிமுத்து அடுத்த அறையிலிருந்தே எண்ணினார். நூற்று மூன்று. நூறு. தொண்ணூற்றாறு.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஜுலைகாவிடம் போனார்.

“டீச்சர், நீங்களாவது வீட்டுக்கு வந்து அதை உள்ள எடுத்துப் போட்டுட்டுப் போங்க. நீங்கன்னா குடுப்பா.”

“நேத்து ஃபோன் பண்ணிக் கேட்டேண்ணே. முடியாதுன்னுட்டாங்க. நானும் அதுல வர்றேனாம்.”

இன்னாசிமுத்துவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

“பதினேழு கேள்விதான டீச்சர்? ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா முடிஞ்சுது. நமக்கு யாராவது சுலபமாக்கிக் குடுத்தாங்களா? திரையெல்லாம் இருட்டாயிரும். மொதல்லேருந்து ஆரம்பிப்போம். அதுக்காக விட்டுட்டமா? கஷ்டப்பட்டு வந்ததாலதான அந்த டொய்ங்கு இன்னும் காதுல இருக்கு! அந்த ருசி இவங்களுக்கும் கெடைக்கட்டும்னுதான் நான் எல்லாத்தையும் அப்படியே வெச்சேன். நாலாவது கேள்வி சேஷாத்ரி எழுதினது. பதினொண்ணாவது குலாம் எழுதினது. அதுக்காக அவன் மூணு வாரம் நம்ம மாடியிலேயே கெடந்தான். பதினேழும் நம்ம ஞாயித்துக்கிழமை, டீச்சர்.”

ஜுலைகா அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தார்.

“அந்த ஞாயித்துக்கிழமையில மத்தியானம் நாம என்னண்ணே சாப்பிட்டோம்?”

“சாப்பாடா?”

எந்த வாரம் எந்தப் பதிப்பைப் போட்டார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். எந்தக் குறுந்தகட்டில் கீறல் இருந்தது என்பதுகூட ஞாபகம் இருந்தது. ஆனால் சாப்பாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

“புளிச்சோறு... உருளைக்கிழங்கு வறுவல். சில வாரம் மீன் குழம்பு.”

“சேஷாத்ரிக்கு?”

“அவன் பூண்டு சேக்க மாட்டான். அவனுக்குத் தனியா ஒரு ரசம் வெச்சிருப்பா.”

“குலாம் பாய்க்கு?”

“அவனுக்கு சர்க்கரை. அவன் தட்டுல சோறு கம்மியா, காய் நெறைய இருக்கும்.”

“நோன்பு மாசத்துல நான் வருவேன்ல?”

“நீங்க கெளம்பற நேரத்துக்குக் கஞ்சியை ஒரு தூக்குல ஊத்தி மாடிப்படியில வெச்சிருப்பா...” இன்னாசிமுத்துவின் குரல் தேய்ந்தது. சொல்லச் சொல்லத்தான் அவருக்கே ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

“இதையெல்லாம் அண்ணி எப்ப கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க?”

“கேக்கல டீச்சர். பாத்து வெச்சுக்கிட்டா.”

“ஒண்ணுகூடக் கேக்கலயா?”

அவர் இல்லை என்று தலையாட்டப் போய் நிறுத்தினார்.

“ஒண்ணு கேப்பா. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமான்னு.”

ஜுலைகா லேபின் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். இன்னாசிமுத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அத்தனை வருடமும் ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்தாலே அவருக்கு மாடிதான் தெரியும். அதே ஞாயிற்றுக்கிழமையில் கீழே ஒருத்தி அனலில் நின்றுகொண்டிருந்தாள் என்பது இன்றுதான் தெரிந்தது. அந்த டொய்ங் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்குமா என்றுகூட அவர் விசாரித்ததில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, விளக்கங்களையும் வீடியோவையும் முதலில் தூக்கிப் போட்டார். அது சுலபமாக இருந்தது. பிறகு கேள்விகளுக்கு வந்தார்.

ஒரு கேள்வியை எடுப்பது சும்மா அழிப்பதில்லை. மனிதரைக் கேட்காமல் இருக்க வேண்டுமானால் பதிலைப் பரணே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை டிஸ்க் இருக்கிறது, எது பழசு, எது தேறும் என்று அதுவே கவனித்து, கெட்டதற்குத் தகுந்தபடி முடிவெடுக்க வேண்டும். பிலோமினாவிடம் ஒரு வரியாக இருந்த கேள்வி இன்னாசிமுத்துவிடம் முந்நூறு வரியாக வந்து உட்கார்ந்தது.

அதைவிடச் சிரமம் வேறு. நாலாவது கேள்வியை எடுத்த அன்று சேஷாத்ரியை வீட்டைவிட்டு அனுப்புவதுபோல் இருந்தது. பதினோராவதை எடுப்பதற்கு முன்னால், குலாம் ரசூல் தம் கையால் எழுதி வைத்திருந்த குறிப்பை ஒரு முறை முழுக்கப் படித்தார். ‘இன்னாசி, இதை மட்டும் மாற்றிவிடாதே’ என்று அதில் இருந்தது. கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எடுத்துவிட்டார்.

கொல்லைப் படியில் பிலோமினா ஒன்றை அழித்துக்கொண்டிருக்க, அறைக்குள் இவர் ஒன்றை அழித்துக்கொண்டிருந்தார். சில நாள் ஒன்றுக்கு இரண்டாகக்கூட எடுத்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காப்பி குடிக்க வந்தார்கள். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது.

பதினாறு போயிற்று. பதினேழாவதில் அவர் நின்றுவிட்டார்.

‘நிர்வாகி எல்லாவற்றையும் பார்க்கலாமா?’ என்பது அந்தக் கேள்வி. நிர்வாகி என்பது இன்னாசிமுத்து. ஆமாம் என்ற பதிலை அவரே முன்கூட்டிப் போட்டு வைத்திருந்தார். அதிகாரத்துக்காக அல்ல. யாராவது பாஸ்வேர்டை மறந்தால், எதையாவது தொலைத்தால், எடுத்துக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா? ஆறு வருடமாக அந்த ஆள் தாம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று நாளில் மூன்று குரல் போனது.

நாலாம் நாள் காலை கொல்லைப்புறம் போய்க் கேட்டார். “பிலோமி, உன் எடத்தை நான்கூடத் தெறக்க முடியாத மாதிரி பூட்டிரலாம். ஆனா சாவி தொலைஞ்சா என்னால எடுத்துத் தர முடியாது. யாராலயும் முடியாது. மொத்தமும் போயிரும்.”

“போனாப் போகட்டும்,” என்றார் பிலோமினா. “தொலைச்சா நான் தொலைச்சதா இருக்கட்டும். அவ என் அக்கா.”

இன்னாசிமுத்து உள்ளே வந்தார். தம்மைப் பரணிலிருந்து எடுத்தார்.

அதன் பிறகு அவர் அனுப்பிய இணைப்பைத் தொட்டதும், பிலோமினாவின் ஃபோனில் ஒரு சின்னப் படம் வந்தது. விரலை வைத்தால் திறக்கும். விரல் ஒத்துழைக்காவிட்டால், ஆறு வார்த்தைகளை வரிசையாகச் சொல்ல வேண்டும். அந்த ஆறையும் பிலோமினாவே எழுதித் தம் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். திறந்ததும் ஒரே ஒரு கேள்வி. ‘உள்ளே வைக்கட்டுமா?’ ஆம் என்று தொட்டால் முடிந்தது.

முதல் நாள் அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கொல்லைப் படிக்குப் போனார். இன்னாசிமுத்து அறைக்குள் உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டார். அங்கிருந்து மனைவியின் முதுகுகூடத் தெரியவில்லை. என்ன தொடுகிறாள், எங்கே நிற்கிறாள், தப்பாக எதையாவது அழுத்திவிட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. கன்னம் வலித்தது. இரண்டு முறை எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

அப்போது கொல்லையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மாசிக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. பிலோமினா விட்டு விட்டுச் சிரித்தார். நிச்சயமாகத் தம்மைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும் என்று இன்னாசிமுத்துவுக்குத் தோன்றியது. எழுந்து வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் வாயிலேயே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஜுலைகா லேபில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். இன்னாசிமுத்து எதிரில் உட்கார்ந்தார். கையில் தாள் எதுவும் இல்லை.

“என்னண்ணே, எல்லாம் உள்ள போயிருச்சா?”

“போயிருக்கணும். அவ எடத்துல பாரம் ஏறியிருக்கு. அது மட்டும்தான் எனக்குத் தெரியுது.”

“எத்தனை மிஞ்சிச்சு?”

“எழுபது இருக்கலாம். கூடக் கொறைய இருக்கலாம். அவ சொல்லல. எண்ணிப் பாக்கவும் வழி இல்ல. பூட்டு போட்டது நான்தான், எனக்கே தெறக்காது.”

“இப்ப காலையில அழிக்கிறாங்களா?”

“இல்ல. பிள்ளை படம் வருது, பாக்கறா. அப்புறம் அக்காவைக் கேக்கறா. அப்புறம் காப்பி போடறா.”

“நல்லா இருக்குன்னு சொன்னாங்களா?”

இன்னாசிமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“ஒண்ணும் சொல்லல டீச்சர். நேத்து நானே வெக்கத்தை விட்டுக் கேட்டேன், பரண் எப்படி இருக்கு பிலோமின்னு. எந்தப் பரணுன்னு கேக்கறா.”

ஜுலைகா பேனாவைக் கீழே வைத்தார்.

“ஆறு வருஷம் டீச்சர். நாம ஆறு பேரு. அத்தனை ஞாயித்துக்கிழமை. அவளுக்கு அதுல ஒண்ணுகூடத் தெரியல. சேஷாத்ரி தெரியல, குலாம் தெரியல, நான்கூடத் தெரியல. விரலை வைக்கறா, தெறக்குது, அவ்வளவுதான். ஒரு சந்தேகம்னுகூட அவ எங்கிட்ட வரல.”

“கஷ்டமா இருக்காண்ணே?”

“இருக்கு டீச்சர். ரொம்பக் கஷ்டமா இருக்கு.”

“அப்ப அண்ணிக்கு சுலபமா இருக்கும்,” என்றார் ஜுலைகா.